நாளுக்கு அரை மணி

“நேரம் கிடைத்தால் செபிப்போம்” என்று சொல்லாதவர் நம்மில் மிகக் குறைவு. ஆனால் நேரம் தானாக வந்து கதவைத் தட்டும் விருந்தாளி அன்று. எடுத்து வைத்தால்தான் அது உண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்துக் கலயத்தில் போடும் தாய்மாரை நாம் அறிவோம். மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்று அவர்கள் காத்திருப்பதில்லை; முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். அதனால் வீட்டில் எவரும் பசியோடு எழுவதில்லை. மாத முடிவில் கலயமும் நிறைந்துவிடுகிறது. செபத்துக்குரிய நேரமும் இந்தப் பிடி அரிசியைப் போன்றதே.

வேலை மிகுந்தவர்களுக்குச் செபம் ஒத்துவராது என்று சிலர் எண்ணுவர். மறைநூல் காட்டுவது வேறு. தானியேல் அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்த மூன்று மேலாளர்களுள் ஒருவர். நாட்டு நிர்வாகம் தலைமேல் இருந்தும், எருசலேமை நோக்கித் திறந்த சாளரத்தருகே நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டார். தடை ஆணை பிறந்த பின்னும் அவ்வழக்கத்தை அவர் விடவில்லை. நம் ஆண்டவரோ கப்பர்நாகூமில் பொழுது சாய்ந்த பின்னும் திரண்டு வந்த நோயாளிகளைக் குணமாக்கினார். ஆயினும் மறுநாள் இருட்டோடு எழுந்து, தனிமையான இடத்துக்குச் சென்று செபித்தார் என்று மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் கூறுகிறது. களைப்பு அவருக்கும் இருந்தது, வேலையும் இருந்தது. இரண்டையும் அவர் காரணமாக்கவில்லை.

திருச்சபையும் தொடக்கமுதலே நாளைச் செபத்தால் பகுத்து வைத்தது. பழமையான ‘திதாக்கே’ என்னும் நூல், ஆண்டவர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லப் பணிக்கிறது. பிற்காலத்தில் மாலை மணி ஒலிக்கும்போது மங்கள வார்த்தை செபம் சொல்லும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது. காலை மணியும் அதனோடு சேர்ந்தது. 1456-இல் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் நண்பகலிலும் மணி அடித்துச் செபிக்கும்படி ஆணையிட்டார். இவ்வாறு வளர்ந்ததே நாம் சொல்லும் மூவேளை செபம். வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத நாளில், வயலில் நின்றவரையும் அடுப்படியில் இருந்தவரையும் ஒரே நொடியில் செபத்துக்கு அழைத்தது அந்த மணிதான். செபத்தின் நீளமோ இரண்டு மூன்று நிமிடங்களே.

நம் தமிழகத்தில் இவ்வழக்கம் வேரூன்றிய வரலாறு மாணவியராகிய நமக்குப் பெருமை தருவது. 1542-இல் இந்தியா வந்த புனித சவேரியார், முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் கையில் மணியை அடித்துக்கொண்டே தெருத்தெருவாகச் சென்று மக்களைத் திரட்டினார். அடிப்படைச் செபங்களை இரு மொழியும் அறிந்தவர் துணையுடன் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து, சொல்லிக் கொடுத்தார். கற்ற பிள்ளைகள் அவற்றைத் தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் இட்ட பணி. நோயாளிகளின் வீடுகளுக்கும் அவர் சிறுவர்களை அனுப்பிச் செபிக்கச் செய்தார். பின்னர் அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ் நூலாயிற்று. அது மறைக்கல்வியும் செபங்களும் அடங்கிய 16 பக்கச் சிறு நூல். ஆக, பிள்ளைகள் வழியாகவே செபம் நம் இல்லங்களுக்குள் நுழைந்தது என்பதை மறவாதிருப்போம்.

இனி நம் ஊரைப் பார்ப்போம். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை மொட்டுப் பறிப்போர் விடியுமுன் தோட்டத்தில் இருக்க வேண்டும். பூ விரிந்துவிட்டால் விலை போய்விடும். நூற்பாலையில் வேலை செய்யும் தாய்க்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் மறு வாரம் இரவு ஷிப்ட். பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கும் தந்தை இருட்டிய பின் வீடு திரும்புகிறார். சின்னாளப்பட்டி, நத்தம், வேடசந்தூர் வழித்தடங்களில் பேருந்தில் வரும் மாணவிக்குக் காலையும் மாலையும் பயணத்திலேயே கழிகின்றன. இவர்களிடம் போய், கன்னியர் மடத்து ஒழுங்கைப் பின்பற்றுங்கள் என்று சொல்வது முறையாகுமா? ஆகாது. புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் இல்லறத்தாருக்கென்றே எழுதிய பக்தி நூலில் இதைத் தெளிவாக்குகிறார்: ஒவ்வொரு மரமும் தன் இனத்துக்கேற்ற கனி தருவதுபோல, தொழிலாளிக்கும் விதவைக்கும் இளம்பெண்ணுக்கும் மணமானவளுக்கும் அவரவர் நிலைக்கும் வலிமைக்கும் ஏற்ற பக்தி வேண்டும் என்பது அவர் கருத்து. கடமையைக் கெடுக்கும் பக்தி மெய்யான பக்தி அன்று.

2003 நவம்பர் 10-இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமாயிற்று. அதன் பேராலயம் புனித வளனாருடையது. வீரமாமுனிவர் ‘தேம்பாவணி’யில் பாடிய அந்தத் தச்சருடைய வாய்ச்சொல் ஒன்றுகூட நற்செய்திகளில் இல்லை. ஆனால் கடவுள் காட்டியதைக் காலம் தாழ்த்தாமல் செய்தார். உளி பிடித்த கையும் இறைவனுக்குச் செவிசாய்த்த உள்ளமும் ஒருவரிடமே இருக்கக் கூடும் என்பதற்கு நம் பாதுகாவலரே சான்று.

சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளுக்கு 1,440 நிமிடங்கள். எழுந்தவுடன் காலைக் காணிக்கைக்கு 2 நிமிடம். மூவேளை செபத்துக்கு மொத்தம் 8 நிமிடம். மாலையில் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலைக்கு 15 நிமிடம். படுக்குமுன் ஆன்ம சோதனைக்கு 5 நிமிடம். ஆக 30 நிமிடம். நாளின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு! அதையும் ஒரே மூச்சில் கேட்கவில்லை. காலைக் காணிக்கையைப் பாயைச் சுருட்டுமுன் சொல்லலாம். பேருந்தில் கண்களை மூடி ஒரு பத்து மணி சொல்லலாம். நண்பகலில் உணவுப் பாத்திரத்தைத் திறக்குமுன் மூவேளை செபம் சொல்லலாம். ஆலய மணி எட்டாத இடத்தில் பள்ளி மணியோ கைப்பேசியின் அலாரமோ நினைவூட்டட்டும்.

ஆன்ம சோதனையைப் புனித இஞ்ஞாசியார் ஐந்து படிகளாக வகுத்துத் தந்தார்: இறைவனுக்கு நன்றி கூறுதல், ஒளி வேண்டுதல், நாளை மணிக்கு மணி திரும்பிப் பார்த்தல், தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டல், நாளைக்குத் திருத்தம் தீர்மானித்தல். கோபத்தில் தங்கையை அடித்ததும், தோழியின் வெற்றி கண்டு புழுங்கியதும் இங்கேதான் நமக்கே தெரியவரும்.

சில நாள் செபத்தில் மனம் ஒட்டாது. அது பாவமன்று. அவிலாவின் புனித தெரேசம்மாளே பல ஆண்டுகள் செபத்தில் வறட்சியை அனுபவித்தவர். ருசி இல்லாத நாளிலும் மருந்தைப் போல உண்கிறோம் அன்றோ? நேரம் தவறாமல் அமர்வதே அன்று நாம் தரும் காணிக்கை. தேர்வு நாளில் செபம் பாடத்துக்கு மாற்றாகாது என்பதையும் சொல்லவேண்டும். படிக்காதவளுக்கு விடைத்தாளில் வானதூதர் எழுதித் தரமாட்டார். படித்தவளுக்கு அச்சம் நீங்கி மனம் அமைதியுறும். பிற சமயத் தோழியரும் தத்தம் வழியில் இரண்டு நிமிட மௌனத்தில் இதே பயனைக் காண்பர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் விளக்கேற்றிக் குடும்பமாக முழந்தாளிட்ட வீடுகள் பலவற்றில் இன்று ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கைப்பேசி என்றாகிவிட்டது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவர் கவலை மற்றவருக்குத் தெரிவதில்லை. தந்தையின் கடனும் மகளின் பயமும் ஒன்றாக வெளிவரும் இடம் குடும்பச் செபமே. எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் எட்டரையானாலும் ஒன்பதானாலும் அதையே செப நேரமாக்குங்கள். ஐம்பத்து மூன்று மணி இயலாவிடில் பத்து மணி போதும். தாய் இரவு ஷிப்ட் போகும் வாரத்தில் அவள் புறப்படுமுன் எல்லாரும் கூடி நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்லி வழியனுப்புங்கள்.

மாணவியரே! சவேரியாரின் மணியோசைக்கு ஓடிவந்த பிள்ளைகள் பெரியவர்களைக் காத்திருக்கவில்லை. தாங்களே வீட்டில் தொடங்கினர். இன்றிரவு நம் வீட்டில் செபமாலையைக் கையில் எடுப்பவர் எவரும் இல்லையெனில், நாமே எடுப்போம். “அம்மா, வாங்க, பத்து மணி மட்டும் சொல்வோம்” என்று அழைப்போம். முதல் நாள் இருவர் அமரலாம். நாளடைவில் வீடே அமரும்.