பை சுமந்தவர்கள் பந்தடித்த கதை

பிரிக்பீல்ட்ஸில் பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போகும் அன்பர்களே, சுபாங், ஷா ஆலம் பக்கம் சாலையோரம் விரிந்து கிடக்கும் புல்வெளிகளைக் கவனித்திருப்பீர்கள். கோல்ப் மைதானங்கள். சற்று உள்ளே தள்ளியிருக்கும் கிளென்மேரி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். தலைநகரின் புக்கிட் கியாராவும் அப்படியே. நம்மவர்கள் மங்கு வைத்துப் பால் எடுத்த மண்ணில் இன்று வெள்ளைப் பந்து உருள்கிறது.

'துரைமார் விளையாட்டு, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எம். ராமையா, பி. குணசேகரன், ஆர். நாச்சிமுத்து ஆகியோர் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் வாங்கியவர்கள். பெயரைப் படித்தாலே யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிகிறதல்லவா?

ஏழை வீட்டுப் பையன்கள் இந்த ஆட்டத்துக்குள் நுழைய ஒரு வாசல் இருந்தது. அதுதான் கேடி வேலை. போலீஸ் பட்டியலில் உள்ள கேடி அல்ல! ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடப்பவர். பெங்களூரில் அப்படிப் பை சுமந்த சின்னசாமி முனியப்பா 2009இல் இந்திய ஓப்பன் பட்டத்தையே வென்றார்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, நானும் ஆட்டக்காரன் ஆகிறேன்" என்று மகன் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? முதலில் கணக்கைப் பார்ப்போம்.

பெரிய போட்டிகளான ஆசியச் சுற்றுக்குக் கீழ்ப்படியாக 2010இல் ஆசிய மேம்பாட்டுச் சுற்று தொடங்கியது. மலேசியா, இந்தோனேசியா, தைவான் என்று ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். மொத்தப் பரிசு 60,000 அமெரிக்க டாலர் என்றால் வென்றவருக்கு 10,500 டாலர். கேட்க இனிக்கிறது. ஆனால் ஆட வருபவர்கள் நூற்றுக்கு மேல். நான்கு நாள் ஆட்டத்தில், இரண்டாம் நாள் முடிவிலேயே பாதிப் பேருக்கு மேல் வெளியேற வேண்டும். அவர்களுக்குப் பரிசு ஒரு காசும் இல்லை. நுழைவுக் கட்டணம், பிரயாணம், அறை வாடகை, சாப்பாடு, கேடியின் கூலி எல்லாம் சொந்தச் செலவு. பால்வெட்டில் மழை பெய்தால் கூலி போகும். இங்கே நல்ல வெயிலிலும் போகும். குழியின் விளிம்பில் நின்றுவிட்ட ஒரே ஒரு பந்து போதும்.

ஆண்டு முடிவில் தரவரிசையில் முன்னே நிற்கும் சிலருக்கே மேல் சுற்றில் இடம். மற்றவர்கள் மறுபடியும் அதே படியில். 2020இல் பெருந்தொற்று வந்தபோது போட்டிகளே நின்றுபோயின. மேல் சுற்றில் 2017இல் காவின் கிரீன் முதலிடம் பிடித்தார். ஒரு மலேசியருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

என்னைக் கேட்டால், பையனைத் தடுக்க வேண்டாம், எஸ்.பி.எம். முடிக்காமல் பள்ளியை விடவும் விடாதீர்கள். சுற்றில் வெல்லாத பலர் ஆட்டம் கற்றுக்கொடுத்து மரியாதையாகப் பிழைக்கிறார்கள்.

என் கவலை வேறு. இப்போது பல கிளப்புகளில் ஆடுபவர்கள் பக்கி வண்டியில் போகிறார்கள். பையும் அதிலேயே போகிறது. கேடிக்கு வேலை குறைந்துவிட்டது. பை சுமந்தபடியே செலவில்லாமல் ஆட்டம் கற்ற பையனின் இடத்தில், மட்டைக்கும் பயிற்சிக்கும் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை நிற்கிறது. அடுத்த ராமையா எந்த வழியாக உள்ளே வருவார்?

உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பக்கத்துக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பயிற்சி இடத்தைக் கேளுங்கள். உறுப்பினர்கள் வீட்டில் தூங்கும் பழைய மட்டைகள் நாலைந்து கிடைத்தாலும் பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள்.