வகுப்புக்கு வெளியே படித்தாலும் கிரெடிட் உண்டு: சேரும் முன் கல்லூரியில் கேளுங்கள்



"பிள்ளை ராத்திரி வெகு நேரம் செல்போனில் பாடம் பார்க்கிறாள். அதற்குக் கல்லூரியில் ஏதாவது மதிப்பு உண்டா?" என்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் எல்லா இணையதளத்துக்கும் இல்லை. முறைப்படி செய்தால் அந்தப் படிப்பு கல்லூரி மதிப்பெண் பட்டியலிலேயே ஏறும். முறை தவறினால் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ்தான் மிஞ்சும்.

கிரெடிட் என்றால் என்ன?

ஒரு பருவத்தில் வாரம் ஒரு மணி நேரம் வீதம் சுமார் 15 மணி நேரம் நடக்கும் வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-ல் வெளியிட்ட பாடத்திட்ட முறைப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். இதில் ஒரு பகுதியை வகுப்புக்கு வெளியே, அவரவர் வசதியான நேரத்தில் படித்தும் சேர்க்கலாம்.

எங்கே படிப்பது?

இதற்காக மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கிய தளம் 'ஸ்வயம்'. பாடங்களைப் பார்க்கவும் படிக்கவும் கட்டணம் இல்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இதில் உண்டு. பொறியியல் மட்டுமல்ல, வணிகவியல், பொருளியல், ஆங்கிலம், உளவியல் பாடங்களும் இருக்கின்றன. யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம்.

என்.பி.டி.இ.எல்.-ல் 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். வாரந்தோறும் வீட்டுப்பாடம் வரும். அதற்குக் கடைசித் தேதி உண்டு. வீட்டுப்பாடத்துக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. தேர்ச்சி பெற வீட்டுப்பாடத்தில் 10, தேர்வில் 30 என இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுப்பாடத்தை விட்டுவிடும் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. மையத்துக்கு நேரில் போக வேண்டும். பெண் பிள்ளைகளை அனுப்பும் வீட்டார், பதிவின்போதே பக்கத்து ஊர் மையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் இருக்காது.

முதல் படி: அனுமதி

முக்கியமான விஷயம் இதுதான். எந்த ஸ்வயம் பாடம் எந்தக் கல்லூரிப் பாடத்துக்கு ஈடு என்பதை முடிவு செய்வது அந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். காரைக்கால் அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரியும் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. வாஞ்சூர் தாண்டி நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வேறு, விதியும் வேறாக இருக்கலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது நம் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. துறைத் தலைவரிடம் பாடத்தின் பெயரைச் சொல்லி, சேரும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல கல்லூரிகளில் ஸ்வயத்துக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாசிரியர் இருப்பார், அவரையும் பாருங்கள்.

கிரெடிட் வங்கி

சேரும் கிரெடிட்டுகளைப் பாதுகாக்க 2021-ல் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்ற கணக்கு முறை வந்தது. டிஜிலாக்கர் மூலம் மாணவர் தம் கணக்கைத் தொடங்கலாம். ஆனால் கிரெடிட்டை அதில் போடுவது கல்வி நிறுவனம்தான். மாணவர் தாமே போட முடியாது. அவை அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை செல்லும்.

நம் குடும்பங்களுக்கு இது ஏன் முக்கியம்? ஒரு பெண் இரண்டாம் ஆண்டு முடித்ததும் நிக்காஹ் ஆகி வேறு ஊர் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையன் குடும்பக் கஷ்டத்தால் பாதியில் சபர் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் படித்த இரண்டு வருஷமும் வீண். யு.ஜி.சி.யின் புதிய முறையைக் கல்லூரி நடைமுறைப்படுத்தியிருந்தால், 80 கிரெடிட்டோடு 4 கிரெடிட் தொழிற்பயிற்சிப் படிப்பும் முடித்தவருக்கு டிப்ளமோ கிடைக்கும். மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிச் சேர்ந்து, மொத்தம் 7 ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்கலாம். படிப்பை நிறுத்துவது நல்லது என்று இதற்குப் பொருளல்ல. நிறுத்த வேண்டி வந்தால் கதவு அடைபடாது என்பதே இதன் பயன்.

பெயரில் கவனம்

நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் பெயர்தான். ஆதாரில் 'முகமது', பள்ளிச் சான்றிதழில் 'முஹம்மது', கல்லூரிப் பதிவேட்டில் வெறும் 'மு.' என்று இருக்கும். பெண்களுக்கு ஓரிடத்தில் 'பீவி', இன்னோரிடத்தில் 'பேகம்'. ஆங்கில எழுத்துகளிலும் இதே குழப்பம். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். கல்லூரியில் சேரும்போதே சரிபார்த்து, வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள். கடைசிப் பருவத்தில் ஓடுவது சிரமம்.

எச்சரிக்கை

"பணம் கட்டுங்கள், கிரெடிட் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள். கிரெடிட்டை யாரும் வாங்கித் தர முடியாது; படித்து, தேர்வு எழுதித்தான் பெற வேண்டும். தனியார் தளங்களின் சான்றிதழ்கள் அறிவுக்கும் வேலைக்கும் உதவலாம், ஆனால் கல்லூரி ஏற்றால் ஒழிய அவை கிரெடிட் ஆகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரே செல்போன் இருந்தால், ஃபஜ்ருக்குப் பிறகோ இஷாவுக்குப் பிறகோ ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். 12 வாரம் அது தவறாமல் நடந்தால், இன்ஷா அல்லாஹ், 3 கிரெடிட் கையில். அடுத்த பருவம் தொடங்கும் முன் பிள்ளையைக் கல்லூரியில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வரச் சொல்லுங்கள்: "எங்கள் பாடத்திட்டத்துக்கு எந்த ஸ்வயம் பாடங்களை ஏற்கிறீர்கள்?"