கொல்லைப்புறக் கதவு

அடுப்படிக்குப் போய் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைத் தட்டில் கொட்டுங்கள். அதில் பாதியை ஒதுக்கிவிடுங்கள். மீதி இருக்கிறதே, ஏறக்குறைய 2 கிராம், இந்த நொடியில் உங்கள் ரத்தம் முழுவதிலும் இருக்கும் சர்க்கரை அவ்வளவுதான். மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உடம்பில் சுமார் 2 லிட்டர் ரத்தம் ஓடும். லிட்டருக்கு ஒரு கிராம் சர்க்கரை. அதை வைத்துக்கொண்டுதான் மூளை கணக்குப் போடுகிறது, கால் கபடி ஆடுகிறது.

கடையில் விற்கிற 300 மில்லி கோலா பாட்டிலில் 30 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கும். ஏழெட்டு டீஸ்பூன்! 2 கிராம் இருக்கும் இடத்தில் 30 கிராம் வந்து இறங்கினால் என்ன ஆகும்? நலமாக இருக்கும் உடம்பில், இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம் இது.

அந்த வேலையைச் செய்வது வயிற்றுக்குப் பின்னால் படுத்திருக்கும் கணையம். அது இன்சுலின் என்ற பொருளைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. நம் தசையில் உள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு வீடு என்று வையுங்கள். சர்க்கரை வாசலில் வந்து நிற்கும். தானாக உள்ளே போகத் தெரியாது. இன்சுலின் வந்து வாசல்மணியை அடிக்கும். சத்தம் கேட்டு உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறப்பார்கள். (சில புத்தகங்களில் இன்சுலினைச் சாவி என்று எழுதியிருப்பார்கள். எனக்கு மணிதான் சரியாகப் படுகிறது. இன்சுலின் வெளியே நின்று சேதி மட்டும்தான் சொல்கிறது. கதவு வருவது உள்ளேயிருந்து.) மூளைக்கு இந்த மணி தேவையில்லை. அது எப்போதும் திறந்தே கிடக்கிற வீடு.

இந்த ஏற்பாடு கெட்டுப்போனால் சர்க்கரை வாசலிலேயே தேங்கும். அதைத்தான் வீட்டில் பெரியவர்கள் ‘சுகர்’ என்கிறார்கள்.

அதில் ஒரு வகை, மணியடிக்க ஆளே இல்லாமல் போவது. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடும். இதற்கு டைப் 1 என்று பெயர். சிறு பிள்ளைகளுக்கும் வரும். மிட்டாய் தின்றதால் வந்தது அல்ல. யாரிடமிருந்தும் ஒட்டிக்கொண்டதும் அல்ல. பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகும், நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும். அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

1922க்கு முன்பு இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, பட்டினி போட்டு, கொஞ்ச நாள் உயிரை இழுத்துப் பிடிப்பார்கள். கனடாவின் டொரன்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்று ஒரு பையன். வயது 14, எடையோ சுமார் 30 கிலோதான். அதே ஊரில் ஃபிரெடெரிக் பான்டிங் என்ற டாக்டரும் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும், 1921 கோடைகாலம் முழுக்க நாய்களை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்குச் சர்க்கரை நோய் வரும் என்பது ஏற்கெனவே தெரியும். அந்த நாய்க்கு, இன்னொரு நாயின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். சர்க்கரை இறங்கியது!

1922 ஜனவரி 11ஆம் தேதி, மாட்டுக் கணையத்தின் சாற்றை லெனார்டுக்குப் போட்டார்கள். பெரிய பலன் இல்லை. சாற்றில் அழுக்கு, ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டியும் வந்துவிட்டது. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் ராப்பகலாக உட்கார்ந்து அதைச் சுத்தப்படுத்தினார். 12 நாள் கழித்து மறுபடி ஊசி. இந்த முறை சர்க்கரை மளமளவென்று இறங்கியது. லெனார்டு அதன்பின் 13 வருடங்கள் வாழ்ந்தான். அந்தச் சாற்றில் இருந்தது இன்சுலின்தான். அதன் காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் என்று விற்றுவிட்டார்கள். பான்டிங் பிறந்த நாள் நவம்பர் 14. நம் குழந்தைகள் தினமும் அதுதான், உலக நீரிழிவு நாளும் அதுதான்.

உங்கள் வகுப்பில் இன்சுலின் போட்டுக்கொள்கிற நண்பன் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். சாப்பாடு தாமதமானாலோ ரொம்ப ஓடி ஆடினாலோ அவனுக்குச் சர்க்கரை சட்டென்று குறைந்துவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். உடனே டீச்சரைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோதான் அவனுக்கு மருந்து.

இரண்டாவது வகை வேறு கதை. மணி அடிக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் காதில்தான் பஞ்சு! தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்துவிட்டால் இன்சுலினின் சேதி சரியாகக் கேட்காது. கணையம் இன்னும் இன்சுலினை அனுப்பி, ஓங்கி ஓங்கி அடித்துப் பார்க்கும். ஒருநாள் களைத்துப்போகும். இதுதான் டைப் 2. தாத்தா பாட்டி காலத்தில் இதைப் பெரியவர்கள் நோய் என்றே சொல்வார்கள். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் வருகிறது. அப்பா அம்மாவுக்கு இருந்தால் வாய்ப்பு கூடுதல்.

கணையம் ஓங்கி அடிப்பது வெளியிலும் தெரியும். சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்புறம் வெல்வெட் துணி மாதிரி கறுத்துத் தடித்திருக்கும். அழுக்கு என்று நினைத்து அம்மா பீர்க்கங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்ப்பார். போகாது. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி இருப்பதால் தோல் அப்படி ஆகலாம். நாரை வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் டைப் 2 வருவதைப் பார்த்து, 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. கல்வி வாரியம் தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அதில் எழுதியிருக்கும். 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறதாம். 5 போதும் என்கிறது அந்தச் சுற்றறிக்கை. பலகைக்குக் காத்திருக்க வேண்டாம். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து நாலால் வகுங்கள். டீஸ்பூன் கணக்கு வந்துவிடும். சில ‘சத்து பானம்’ டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் அம்மாவே அதிர்ந்துபோவார். ஒரு சேதி: நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று பெயர் மாறினாலும் ரத்தத்துக்கு அதெல்லாம் சர்க்கரைதான். கொய்யாவைக் கடித்துத் தின்றால் நார் கூடவே போய் வேகத்தைக் குறைக்கும். பிழிந்து வடிகட்டினால் அந்த நன்மை போச்சு.

தலைப்புக்கு இப்போதுதான் வருகிறேன். தசை வீட்டுக்கு ஒரு கொல்லைப்புறக் கதவும் உண்டு. ஓடும்போதும் குதிக்கும்போதும், சும்மா நடக்கும்போதுகூட, தசை சுருங்கி விரியும். அந்த வேலையிலேயே, இன்சுலின் மணி அடிக்காமலே, சர்க்கரைக்குக் கதவு திறந்துவிடும்! காதில் பஞ்சு இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதே, இந்தக் கதவு திறப்பதும் அதன் பலன்களில் ஒன்று.

சாப்பிட்ட பிறகு நடந்தால் இது கண்முன்னே தெரியும். வீட்டில் தாத்தாவிடம் விரல் நுனியில் குத்திப் பார்க்கிற சுகர் மெஷின் இருக்கிறதா? சாப்பிட்டு உட்கார்ந்திருந்த நாளில் எவ்வளவு, அதே சாப்பாட்டுக்குப் பின் தெருமுனைவரை போய்வந்த நாளில் எவ்வளவு என்று அவரையே குறித்துத் தரச் சொல்லுங்கள். நடைக்கு நீங்களும் கூடப் போங்கள், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் எழுப்பிக்கொண்டு. நாய் இருந்தால் அதையும் கூட்டிப் போகலாம். அதற்கும் ஒரு கணையம் இருக்கிறதே.