பழைய லேண்ட் ரோவரும் ஐந்தாம் படிவ வேதியியலும்

கேமரன் மலைக்குப் போனவர்கள் அந்த வண்டிகளைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சாயம் உரிந்து, கதவு ஆடினாலும், காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு செங்குத்தான மண்பாதையில் சளைக்காமல் ஏறும் பழைய லேண்ட் ரோவர்கள் அவை. அப்படி ஒன்றை வாங்கி, வீட்டுக் கார் போர்ச்சில் நிறுத்தி, வார இறுதிகளில் சொந்தக் கையால் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு.

ஆசை நல்லதுதான். ஆனால், துருவின் மேல் புதுச் சாயம் அடித்துவிட்டு, "வண்டி புதிதாகிவிட்டது" என்று நம்பிக் குடும்பத்தோடு மலைப்பாதையில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். துருவைத் துடைத்துவிடக்கூடிய அழுக்காக நினைக்காதீர்கள். அது ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு சிறு மின்கலம். அதைப் புரிந்துகொண்டால், வண்டியில் எதைச் சுத்தம் செய்யலாம், எதை வெட்டி எறிய வேண்டும் என்பது தானாக விளங்கும்.

அலுமினிய உடல், எஃகு எலும்பு

லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் உடலின் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையால் செய்தார்கள். ஆனால், வண்டியின் எடை முழுவதையும் தாங்கும் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் எஃகுதான். தட்டையான எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டி வடிவில் அதை அமைத்தார்கள்.

இதனால் ஓர் ஏமாற்றம் உண்டாகிறது. அலுமினியத்தில் சிவப்புத் துரு வராது. ஆகவே வெளியே பார்க்க வண்டி நன்றாகத்தான் இருக்கும். அடியில் எலும்பு அரித்துப் போயிருக்கும்.

துரு எப்படி உண்டாகிறது?

ஐந்தாம் படிவ வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்கிறோம். ஆணிகளை வேதிப்பொருள் கலந்த கூழில் வைப்போம். இரும்பு கரையும் இடத்தில் கூழ் நீலமாகும். ஆக்சிஜனும் நீரும் எலக்ட்ரான்களைப் பெறும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். ஒரே ஆணியில் இரண்டு நிறங்களும் வெவ்வேறு இடங்களில் தோன்றும். ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. அவை உலோகத்தின் வழியாகவே இன்னோர் இடத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனையும் நீரையும் சேர்கின்றன. ஈரம் இந்தச் சுற்றை முழுமையாக்குகிறது. ஈரத்தில் உப்பு கலந்திருந்தால் மின்னோட்டம் இன்னும் எளிதாகப் பாயும். கடற்கரையோர ஊர்களில் வண்டிகள் விரைவாகத் துருப்பிடிப்பது இதனால்தான்.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே துருவின் வேகம் கூடத் தொடங்கும். நம் நாட்டில் அது 80 விழுக்காட்டைத் தாண்டும் நாள்களே அதிகம். ஆகவே மழையில் நனையாமல் கூரையின்கீழ் நிற்கும் வண்டியும் துருப்பிடிக்கத்தான் செய்யும்.

இன்னொரு செய்தியும் முக்கியம். ஈர மண் அப்பிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கேதான் இரும்பு கரையும். பக்கத்தில் காற்றுபடும் இடம் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தப்பித்துக்கொள்ளும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் இடத்தைவிட, சேற்றின் அடியிலும் தகடுகளின் இடுக்கிலும் அரிப்பு ஆழமாக இருக்கும்.

சுத்தியல் சொல்லும் உண்மை

வண்டியை வாங்குவதற்கு முன் ஒரு சிறு சுத்தியலும் பழைய திருப்புளியும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிச்சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன எஃகு 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தைத் திருப்புளியால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே எஃகு இல்லை, துருதான் இருக்கிறது.

பின்புறக் குறுக்குச்சட்டம், இலைவில்கள் பொருந்தும் இடங்கள், உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், ஓட்டுநரின் கால் வைக்கும் பள்ளம் ஆகிய நான்கையும் விடாமல் சோதியுங்கள். தண்ணீரும் சேறும் தேங்கும் இடங்கள் இவை.

அடிச்சட்டத் தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். இதில் 1 மில்லிமீட்டரைத் துரு தின்றுவிட்டால் பாதி எஃகு போய்விட்டது. ஆனால், துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். அதனால் அரித்த தகடு தடித்துப் பலமாக இருப்பதுபோல் தோன்றும். இந்தத் தோற்றத்தை நம்பாதீர்கள்.

மின்சாரத்தால் துரு நீக்குதல்

கொக்கி, கீல், தாங்கி போன்ற சிறிய எஃகுப் பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு முறை மிகவும் ஏற்றது. துருப்பிடிக்கும்போது நடந்ததை மின்சாரத்தால் எதிர்த்திசையில் தள்ளுகிறோம்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஐந்து மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரையுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்தில் மாட்டுங்கள். நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டில் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. முனைகளை மாற்றி மாட்டினால் காப்பாற்ற வேண்டிய பாகமே கரையத் தொடங்கும். ஓர் இரவு விட்டால், துரு தளர்ந்து கறுப்புப் படலமாக மாறி, கம்பித் தூரிகைக்கு எளிதாக உதிர்ந்துவிடும். சார்ஜரை அணைத்த பிறகே தண்ணீரில் கை வையுங்கள்.

இதில் ஐந்து எச்சரிக்கைகள்:

1. சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பைப் போடாதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

2. நேர்முனையில் எவர்சில்வர் துண்டை மாட்டாதீர்கள். அதிலுள்ள குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் வடிவில் தண்ணீரில் கலந்துவிடும்.

3. பாகத்திலிருந்து எழும் குமிழிகள் ஹைட்ரஜன். அது தீப்பற்றும் வாயு. வாளியைத் திறந்த வெளியில் வையுங்கள். அருகில் சிகரெட்டும் தீப்பொறியும் கூடாது.

4. அலுமினியம் ஒட்டிய பாகங்களை இந்தக் கரைசலில் போடாதீர்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும். லேண்ட் ரோவர் கதவின் சட்டம் எஃகு, மேல்தகடு அலுமினியம். ஆகவே கதவை முழுதாக ஊறவைக்க முடியாது.

5. இலைவில்களையும் உறுதிமிக்க போல்ட்டுகளையும் இப்படிச் சுத்தம் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் அவற்றுக்குள் புகுந்து எஃகை நொறுங்கும் தன்மைக்கு மாற்றக்கூடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த முறை துருவை நீக்குமே தவிர, இழந்த எஃகைத் திருப்பித் தராது. குழிகள் குழிகளாகவே இருக்கும். எடையைத் தாங்கும் இடத்தில் தகடு மெலிந்திருந்தால், நல்ல எஃகு தென்படும்வரை வெட்டி எடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைப்பதுதான் வழி. புட்டியும் ஃபைபர் கண்ணாடியும் ஓட்டையை மறைக்கும், எடையைத் தாங்காது. இந்தப் பற்றவைப்பைத் தேர்ந்த தொழிலாளரிடம் விடுங்கள். அடிச்சட்டத்தில் பொறித்துள்ள எண் வண்டியின் பதிவோடு இணைந்தது. அடிச்சட்டத்தை முழுதாக மாற்ற நினைத்தால், முன்கூட்டியே சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீண்டும் வராமல் தடுக்க

சுத்தம் செய்த எஃகில் சில நிமிடங்களிலேயே மெல்லிய துரு படரத் தொடங்கும். ஆகவே கழுவி, நன்றாக உலர்த்தி, அன்றே அடிப்பூச்சு பூசிவிடுங்கள்.

பளபளவென்று சுத்தமான எஃகுக்குத் துத்தநாகம் நிறைந்த பூச்சு சிறந்தது. துத்தநாகம் சுற்றிய ஆணியைக் கூழில் வைத்தால் நீல நிறமே வராது. ஏனெனில், இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கரைகிறது. ஆனால், அது எஃகை நேரடியாகத் தொட வேண்டும். இடையில் துருவோ பழைய சாயமோ இருந்தால் பயனில்லை. முழுதாகச் சுரண்ட முடியாத மூலைகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசலாம். அது எஞ்சிய மெல்லிய துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும்.

அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் ஈரம் பட்டால் அங்கேயும் ஒரு மின்கலம் உருவாகும். இம்முறை கரைவது அலுமினியம். கதவின் கீழ் விளிம்பில் வெள்ளைத் தூளும் கொப்புளமும் கண்டால் காரணம் இதுதான். இரண்டு உலோகங்களுக்கும் தனித்தனியே சாயம் பூசி, நடுவில் ரப்பர் பட்டையோ பசைப்பூச்சோ வைத்து மாட்டுங்கள். ஒன்றையொன்று தொடாவிட்டால் சுற்று அறுந்துவிடும்.

கடைசியாக, அடிச்சட்டத்தின் உட்புறம். தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பை நீக்குங்கள். உள்ளே உள்ள மண்ணைக் கழுவி வெளியேற்றி, முழுதாகக் காய்ந்த பிறகு, வெற்றிடங்களுக்கென விற்கும் மெழுகை நீண்ட குழாயால் உள்ளே தெளியுங்கள். வெளியே அடிக்கும் சாயத்தைவிட இதுதான் அடிச்சட்டத்தின் ஆயுளை நீட்டிக்கும்.

வீட்டில் வேலை செய்யும்போது

கார் போர்ச் பிள்ளைகள் ஓடிவரும் இடம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். உறுதியான இரும்புத் தாங்கிகளை வையுங்கள். காலியான பெட்ரோல் தொட்டியில் ஆவி தங்கியிருக்கும். அதன்மீது பற்றவைத்தால் வெடிக்கும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். ஆகவே காய்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்து வேலை செய்யுங்கள். ஏற்ற முகக்கவசம் அணியுங்கள். துத்தநாகம் பூசிய பாகத்தைப் பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

வேலை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை வண்டியின் அடியில் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவுங்கள். வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டிக் கேளுங்கள். ஒலி மந்தமானால், சாயம் எவ்வளவு பளபளத்தாலும் வண்டியை மலையேற்றாதீர்கள்.