பெயர் அறியா வியாதி

வியாதிக்கு மருந்தில்லை என்று கேட்பது துக்கம். வியாதி இன்னதென்றே நிச்சயமாகவில்லை என்று கேட்பது அதனினும் கொடிய துக்கம். குடியாத்தத்தில் தறியில் உட்காரும் ஒரு பெண்ணை உதாரணமாகக் கொள்வோம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்குவதில்லை, மாலையில் காய்ச்சல், ஓயாத அசதி. மறுவாரம் எல்லாம் தணிந்துவிடுகிறது. ‘சோம்பல்’ என்கிறார் ஒருவர்; ‘மனப்பிராந்தி’ என்கிறார் மற்றொருவர். வைத்தியரோ, ‘இப்பொழுது சொல்வதற்கில்லை’ என்கிறார். அவள் யாரை நம்புவாள்?

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலின்மேல் பாயும் வியாதிகள் பல உண்டு. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். முடக்குவாதமும் லூபஸும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. லூபஸ் நோயாளிகளில் பத்தில் சுமார் ஒன்பது பேர் பெண்கள். மூட்டு, தோல், சிறுநீரகம், ரத்தம் எனப் பல இடங்களில் அது தலைகாட்டும். எல்லாக் குறிகளும் ஒரே நாளில் தோன்றுவதில்லை. ஆகவே வைத்தியரின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது.

ரத்தப் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்காதா என்று வாசகர்கள் கேட்கலாம். லூபஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஏ.என்.ஏ. என்னும் பரிசோதனை ‘உண்டு’ என்றே காட்டும். ஆனால் 1997இல் வெளிவந்த பல நாட்டு ஆராய்ச்சியொன்றில், நாற்பது மடங்கு நீர்த்துச் சோதித்தபோது, ஆரோக்கியமானவர்களிலும் 100க்குச் சுமார் 32 பேருக்கு அவ்வாறே காட்டியது. முடக்குவாதத்திலோ, நோய் இருந்தும் ரத்தச் சோதனை ‘இல்லை’ என்று கூறுவதுண்டு. காகிதம் மட்டும் தீர்ப்புக் கூறிவிடாது.

நம் பிரதேசத்தில் வேறு மயக்கங்களும் உள. 2006இல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியா, பலருக்கு மாதக்கணக்கில் மூட்டுவலியை விட்டுச் சென்றது. காசமும் குஷ்டமும் சில வேளை இவ்வியாதிகளின் வேஷத்தைப் பூணும். ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் தொழிலாளியின் தோலில் தடிப்புக் கண்டால், குரோமிய உப்பின் ஒவ்வாமையா என்பதையும் ஆராய வேண்டும்.

அவசரப்பட்டு ஸ்டீராய்டு கொடுத்தால் மறைந்திருக்கும் காசம் கிளம்பக்கூடும். அசட்டையாய் இருந்தால் வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுவிடக்கூடும். ஆகவே காத்திருப்பது என்பது கைகட்டியிருப்பது அன்று. சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் குறித்த காலத்தில் சோதித்து வர வேண்டும். நோயாளி தன் உபாதைகளைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வருவது வைத்தியருக்குப் பெரிய துணை. நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் தாமாகவே சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சிலருக்கு நோய் நாளடைவில் தெளிவான உருவம் பெறும். சிலருக்குத் தானே தணியும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அரைகுறையாகவே நிற்கும். பெயர் கிட்டாவிடினும் வலிக்கும் வீக்கத்திற்கும் சிகிச்சை உண்டு.

1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் வேலூரில் ஆரம்பித்த வைத்தியப் பணி இன்று மாபெரும் மருத்துவமனையாக விளங்குகிறது. 2005 முதல் வேலூரில் அரசினர் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் தினக்கூலிக்கு வேலை செய்பவளுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி நஷ்டம். நிபுணர் ஒருமுறை பார்த்த பின், வழக்கமான சோதனைகள் அவளது ஊர் ஆஸ்பத்திரியிலேயே ஒழுங்காக நடந்து, முடிவுகள் ஒரே ஏட்டில் பதிவாக வேண்டும். அதற்கு வழி செய்வது சர்க்காரின் கடமை.

குடும்பத்தாருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு கடமை உண்டு. வைத்தியர் பெயர் சூட்டும் வரையில் அவளுடைய வலி பொய்யென்று எண்ணலாகாது. வியாதியின் பெயரில் ஐயம் இருக்கலாம். நோயாளியின் சொல்லில் ஐயம் கொள்ள நமக்கு உரிமை இல்லை.