மற்ற வயர் எங்கே? சைக்கிள் டைனமோவில் இருந்து ஒரு மின்சுற்றுப் பாடம்

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. உலர்மின்கலங்களும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு மின்னியலின் முதற்பாடத்தைத் தந்தது ஆய்வுகூடம் அல்ல. கவிழ்த்து வைத்த சைக்கிளும் அதன் டைனமோவும்தான் தந்தன. ஒருவர் பெடலைச் சுற்றுவார், மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி அரைவாசியில் நின்றுவிடும்.

சாதாரண தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போதும் நான் அந்த டைனமோவில் இருந்துதான் தொடங்குகிறேன். அதன் உள்ளே இருப்பது ஒரு நிலைக்காந்தமும் அதைச் சுற்றி ஒரு கம்பிச் சுருளும். ரயர் உருளையைச் சுழற்ற, காந்தம் சுழலும். சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் மாறும்போது அதில் மின் தூண்டப்படும். 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்தது இதைத்தான். லக்சபானவில் தண்ணீர் செய்வதும் நுரைச்சோலையில் நீராவி செய்வதும் இதே சுழற்றுகிற வேலைதான்.

இனி, பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி. டைனமோவில் இருந்து முன்விளக்குக்கு ஒரேயொரு வயர்தான் போகிறது. மின்னோட்டம் ஓட மூடிய சுற்று வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அப்படியென்றால் மற்ற வயர் எங்கே?

பெரும்பாலான வகுப்புகளில் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: சைக்கிள்தான் மற்ற வயர். சைக்கிளின் இரும்புச் சட்டமே மின்னோட்டம் திரும்பி வரும் பாதை. டைனமோவைப் பூட்டும் பிடியில் கூரான சிறு ஆணி ஒன்று இருக்கும். அது பெயின்ரைத் துளைத்து இரும்பைத் தொடுவதற்காக வைக்கப்பட்டது. அந்த இடத்தில் கறள் பிடித்தால் குமிழ் நல்லதாக இருந்தாலும் விளக்கு எரியாது. சுற்று அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அளவுகள். டைனமோவில் 6 வோல்ற்று, 3 வாற்று என்று எழுதியிருக்கும். வோல்ற்று என்பது தள்ளும் அழுத்தம். அம்பியர் என்பது ஓடும் அளவு. ஓம் என்பது ஓட்டத்தைத் தடுக்கும் தடை. வலுவை அழுத்தத்தால் பிரித்தால் 3 ÷ 6 = 0.5 அம்பியர். அழுத்தத்தை மின்னோட்டத்தால் பிரித்தால் 6 ÷ 0.5 = 12 ஓம். டைனமோவின் முழுச்சுமை இவ்வளவுதான். இந்த இரண்டு வகுத்தல்களும் விளங்கினால் பாதிப் பாடம் முடிந்தது.

வானொலிக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். குமிழுக்கு அது பொருட்டல்ல. வானொலி மின்கலத்தின் நேரோட்டத்துக்குச் செய்யப்பட்டது. ஆகவே இடையில் நான்கு இருவாயிகளைப் பாலம்போல் இணைப்பார்கள். இருவாயி ஒருவழிப் பாதை, திரும்பி வர விடாது. எந்நேரமும் இரண்டு இருவாயிகளைக் கடப்பதால் ஏறத்தாழ 1.4 வோல்ற்று அங்கேயே செலவாகிவிடும். பக்கத்தில் ஒரு கொள்ளளவி வைத்தால் இரைச்சல் குறையும். ஆர்வக் கோளாறில் வேகமாகச் சுற்றினால் அழுத்தம் ஏறும், வானொலி போய்விடும். ‘மெல்லச் சுத்தடா’ என்று கத்தியவர்கள் ஓமின் விதியைப் படித்தவர்கள் அல்ல.

வீட்டு மின்சாரத்துக்கு வருவோம். இங்கே 230 வோல்ற்று. கோயில் திருவிழாச் சோடனையில் தொடராக இணைத்த சின்னக் குமிழ்களில் ஒன்று போனால் வரிசையே அணைந்துவிடும். வீட்டில் எல்லாம் சமாந்தரமாக இருப்பதால் ஒரு குமிழ் போனாலும் மற்றவை எரியும். ஆனால் சமாந்தரத்தில் ஒவ்வொரு கருவியும் தன் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். 2000 வாற்றுக் கேத்தல் ஒன்று மட்டும் 8.7 அம்பியர் இழுக்கும். பக்கத்து வீட்டில் இருந்து மெல்லிய வயர் ஒன்றை இழுத்து அதில் கேத்தலும் அயர்னும் பூட்டினால் வயர் சூடாகி உருகும். உருகி அடிக்கடி போகிறது என்று அதற்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைக் கட்டுபவர்கள், கூப்பிட்டு எச்சரிக்கும் நாயின் வாயைக் கட்டுகிறார்கள்.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. வன்னியில் பயிரைப் பன்றியிடம் இருந்து காக்க, வீட்டு இணைப்பில் இருந்தோ மின்கம்பத்தில் இருந்தோ வெறும் கம்பியை வயலைச் சுற்றி இழுத்து விடுகிறார்கள். ஆட்கள் செத்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கம்பியைக் கட்டியவரே இரவில் மறந்து மிதித்ததும் உண்டு.

‘ஒரு வயர்தானே சேர், சுற்று முடியாதே’ என்று ஒரு மாணவன் கேட்டான். சரியான கேள்வி. மற்ற வயர் நிலம். மின்மாற்றியின் நடுநிலைக் கம்பி நிலத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது. உயிர்க் கம்பியைத் தொடும் மனிதனின் உடலூடாகக் காலுக்கு இறங்கும் மின்னோட்டம் நிலத்தின் வழியே அங்கு திரும்புகிறது. சைக்கிளில் சட்டம் செய்த வேலையை இங்கே ஈரமான வயல் செய்கிறது.

கணக்கைப் பாருங்கள். நனைந்த உடலின் தடையை 1000 ஓம் என்று வைத்தால் 230 ÷ 1000 = 0.23 அம்பியர். இதயத்தின் ஒழுங்கைக் குலைக்க இதன் பாதியே போதும். 30 அம்பியர் உருகிக்கோ 0.23 என்பது ஒன்றுமே இல்லை, அது எரியாது. உருகி வயரைக் காக்கச் செய்யப்பட்டது, ஆளைக் காக்க அல்ல.

ஆளைக் காப்பது ட்ரிப் சுவிச். உயிர்க் கம்பியில் போன மின்னோட்டமும் நடுநிலைக் கம்பியில் திரும்பியதும் சமமா என்று அது ஒப்பிடும். 0.03 அம்பியர் வேறுபட்டாலே, ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். கம்பத்தில் கொழுவிய கம்பிக்கோ, ட்ரிப் சுவிச்சுக்கு முன்னால் எடுத்த இணைப்புக்கோ அந்தக் காவல் இல்லை. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்ட வீடுகளிலும் இல்லை. அது அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, மின்னியலாளரைக் கூப்பிட வேண்டும்.

ஒருவர் மின்னில் அகப்பட்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள், நீங்களும் சுற்றின் பகுதியாகிவிடுவீர்கள். முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள். கம்பத்துக் கம்பி என்றால் கிட்டவே போகாமல் மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

ட்ரிப் சுவிச்சில் ஒரு சின்னச் சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே ஒரு தடையி ஊடாகச் சிறு கசிவை அதுவே உண்டாக்கிப் பார்க்கும். மாதம் ஒருமுறை பிள்ளையைக் கொண்டே அழுத்துவியுங்கள். விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.