மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் எங்கே?

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மே மாதம், பாகூருக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பகுதி அது. கோடையில் கிணறுதான் கைகொடுக்கும். காலையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வாய்க்காலிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. சித்தப்பா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். "காத்து பிடிச்சிருக்குடா" என்று சொல்லி, பம்பின் மேல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். குமிழி வருவது நின்றதும் மூடியை இறுக்கிச் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் கொட்டியது.

அன்றிரவே அதே நோய் வீட்டுக்குள்ளும் வந்தது.

சித்தப்பா மகன் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவன். கடன் வாங்கி ஒரு நல்ல கணிப்பொறி வைத்திருக்கிறான். வில்லியனூரில் ஒரு கல்யாண வீட்டாருக்கு மறுநாள் காலை வீடியோ கொடுத்தாக வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கணிப்பொறி ஆமை வேகத்தில் ஊர்ந்தது. பிறகு திரை இருண்டது. மறுபடி போட்டான், இரண்டு நிமிடத்தில் மறுபடி இருண்டது. பெட்டிக்குள்ளிருந்து 'கொரகொர'வென்று ஒரு சத்தம்.

அந்தக் கணிப்பொறி தண்ணீரால் குளிரூட்டப்படுவது. கணிப்பொறிக்குள் தண்ணீரா என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கணக்குகளைப் போடும் செயலி என்ற சில்லு ஒரு தபால்தலை அளவுதான். வேலை மும்முரமாக நடக்கும்போது அது 200 வாட் வெப்பத்தைக் கக்கும். பழைய 60 வாட் குண்டு பல்புகள் மூன்றை எரியவிட்டு, அந்த வெப்பம் முழுவதையும் ஒரு தபால்தலைக்குள் அடைத்தால் எப்படி இருக்கும்! காற்றை ஊதி இதைத் தணிக்க முடியும். ஆனால் ஒரே கன அளவுக்கு ஒப்பிட்டால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஆகவே செயலியின் மேல் ஒரு செம்புக் கட்டியைப் பொருத்தி, அதனுள் மெல்லிய வழிகளில் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மின்விசிறி வெப்பத்தைக் காற்றில் கலக்கிறது. ஆறிய தண்ணீர் திரும்பி வருகிறது. இந்தச் சுற்றை நடத்துவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பம்பு.

பெரிய கணிப்பொறிகளுக்கு இது புதிதல்ல. 1985-இல் வெளிவந்த அமெரிக்காவின் கிரே-2, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள் முழுவதுமாக மூழ்கிக் கிடந்தது. நம் நாட்டில், புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 2019-இல் நிறுவப்பட்ட பரம் பிரம்மா என்ற மீக்கணிப்பொறியிலும் திரவம்தான் செயலிகளின் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது.

பம்பு நின்றால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பம்பு நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீரை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 வாட் என்றால் நிமிடத்துக்கு 12,000 ஜூல். ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். ஆக, செயலியைக் கடந்து போகும் தண்ணீரின் வெப்பநிலை 3 டிகிரிகூட ஏறாது.

இப்போது பம்பு நின்றுவிட்டது. செயலியின் மேல் மிஞ்சியிருப்பது 20 கிராம் தண்ணீரும் 150 கிராம் செம்பும் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து 1 டிகிரி சூடேற ஏறக்குறைய 140 ஜூல் போதும். அதாவது ஒவ்வொரு வினாடியும் 1.4 டிகிரி! அரை நிமிடத்தில் 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நல்லவேளையாக, 100 டிகிரியை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்படியும் தணியாவிட்டால் கணிப்பொறி அணைந்துவிடுகிறது. தம்பியின் கணிப்பொறி ஆமையானதும் பிறகு இருண்டதும் இதனால்தான்.

பம்பின் வேகம் திரையில் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் காட்டியது. "பம்பு நல்லாத்தான் ஓடுதுண்ணே" என்றான் தம்பி. காலையில் கிணற்று மோட்டாரும் நன்றாகத்தான் ஓடியது! சுற்று எண் சொல்வது பம்பு சுழல்கிறது என்பதை மட்டுமே. தண்ணீர் நகர்கிறதா என்பதை அது சொல்லாது.

அதைக் கையால் கண்டுபிடிக்கலாம். ரேடியேட்டருக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஓட்டம் சரியாக இருந்தால் வித்தியாசமே தெரியாது. மேலே போட்ட கணக்கின்படி அது 3 டிகிரிதான். ஒன்று நன்றாகச் சுட்டு, மற்றது குளிர்ந்திருந்தால் ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டது என்று பொருள். இரண்டுமே ஒரே அளவாகச் சுட்டால் பம்பின்மேல் பழி போடாதீர்கள். ரேடியேட்டரின் மின்விசிறியையும் அதில் அடைந்த தூசியையும் பாருங்கள். செயலி கொதிக்கும்போது இரண்டு குழாயும் குளிர்ந்தே இருந்தால் தண்ணீர் நகரவே இல்லை, அல்லது செம்புக் கட்டி செயலியில் சரியாகப் படியவில்லை.

காதையும் பயன்படுத்த வேண்டும். கொரகொரப்பு என்றால் உள்ளே காற்று. அதிர்வு மட்டும் இருந்து சுற்று எண் பூஜ்யம் என்றால் இறக்கைச் சக்கரம் இறுகிவிட்டது. சத்தமே இல்லையென்றால் முதலில் மின் இணைப்புக் கம்பியைப் பாருங்கள்.

எங்கள் கையில் ஒரு குழாய் சுட்டது, இன்னொன்று குளிர்ந்திருந்தது. கூடவே கொரகொரப்பு. காற்றேதான்.

காற்று எப்படி வந்தது?

மூடிய சுற்றிலும் ரப்பர்க் குழாயின் வழியாகத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாகக் கசிந்து ஆவியாகும். அந்த இடத்தில் காற்று சேரும். காற்று எப்போதும் உச்சியைத் தேடிப்போகும். ரேடியேட்டர் மேலே இருந்தால் அங்கே போய்ச் சும்மா இருந்துவிடும். தம்பியோ போன மாதம் தூசி தட்டியபோது ரேடியேட்டரை அடிப்பக்கத்துக்கு மாற்றிவிட்டான். பம்பு உச்சிக்கு வந்துவிட்டது. காற்றும் அங்கே வந்துவிட்டது. இறக்கைச் சக்கரம் தண்ணீரை வெளியே வீசி, அதனால் உண்டாகும் குறைந்த அழுத்தத்தில்தான் புதிய தண்ணீரை இழுக்கிறது. காற்று தண்ணீரைவிட 800 மடங்கு லேசானது. அதை எவ்வளவு வீசினாலும் இழுப்பு வராது. கிணற்றடியிலும் இதே கதைதான்.

மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டோம். நீங்களும் இந்த வேலையைப் பெரியவர்கள் துணையின்றிச் செய்யாதீர்கள். ரேடியேட்டரை மறுபடி மேலே பொருத்தினோம். பெட்டியை இப்படியும் அப்படியுமாக மெதுவாகச் சாய்த்தோம். பிறகு சிறிய வேலை மட்டும் கொடுத்து ஓடவிட்டோம். பத்து நிமிடம் கொரகொரத்துவிட்டு அடங்கியது. விடியற்காலை நாலு மணிக்கு வீடியோ தயார்.

"நாலு சொம்பு கிணத்துத் தண்ணி ஊத்தினா ஆகாதா?" என்று கேட்டார் சித்தப்பா. அவருடைய கருவி முத்திரையிட்டு மூடியது, திறக்கவே கூடாது. திறந்து நிரப்பும் வகையிலும் கிணற்று நீர் ஆகாது. கடலோரப் பகுதியின் உப்பு நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது செம்புக் கட்டியின் மயிரிழை வழிகளில் படிந்தால் அடைத்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரோடு அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவம்தான் அதற்கு வேண்டும்.

"இதுக்கு ஃபுட் வால்வு எங்க?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. கிணற்றில் மோட்டார் நின்றதும் தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் தடுக்க அது தேவை. இங்கே ஏறுகிற தண்ணீரின் எடையை இறங்குகிற தண்ணீர் சமன் செய்துவிடுகிறது. பம்புக்கு உராய்வை வெல்வது மட்டுமே வேலை. கிணற்று மோட்டாருக்கு 5 குதிரைசக்தி, அதாவது 3,700 வாட் வேண்டியிருக்க, இதற்குச் சில வாட்டுகள் போதுமாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

அந்தப் பம்பு தீபாவளிக்கு முன்பு நின்றே போயிற்று. அதன் தாங்கிக்கு எண்ணெய் கிடையாது. ஓடுகிற தண்ணீரே எண்ணெய். காற்றில் ஓடிய நாட்களில் அது தேய்ந்திருக்க வேண்டும். தம்பி புதியதை வாங்கிப் பொருத்தினான். பழையதைச் சித்தப்பா ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார். உள்ளே சிறிய காந்தம், அதன் மேல் இறக்கைச் சக்கரம். நடுத்துளை ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது.